முதல் ட்ரோபோனின் இயல்பாக இருந்தும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 58 வயதான உங்கள் தந்தையார் இரவில் நெஞ்சு அழுத்தம் தொடங்கிய ஒன்றரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். ஈ.சி.ஜி.யில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கசியும் புரதமான ட்ரோபோனின்-டியின் முதல் அளவு 11 என்று வந்தது, 14 வரை இயல்பு என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தும் அவரை அனுப்பாமல், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள், அது 19. மாரடைப்பு என்று சொல்லி, மறுநாள் ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கையில் இருக்கும் கோப்பில் எல்.டி.எல். 118, என்.டி.-புரோ பி.என்.பி. 640, ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. 14, ஹோமோசிஸ்டீன் 22, லிப்போபுரோட்டீன்-ஏ 92 என்று எண்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பயோமார்க்கர்களை, அதாவது உடலின் நிலையைக் காட்டும் அளவீடுகளை, வைத்து இதய நோயை எவ்வளவு தூரம் அறிய முடியும், சிகிச்சையை இவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்களா, 34 வயதான நீங்களும் இதே பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும்கூட விரிந்த பொருளில் பயோமார்க்கர்கள்தாம். ஆனால் நீங்கள் கேட்பது இரத்தத்தில் அளக்கும் பொருட்களைப் பற்றி என்பதால் அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கோப்பில் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருந்தாலும் அந்த எண்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. சில, நடந்த சேதத்துக்குச் சாட்சி சொல்பவை. சில, சேதத்தை உண்டாக்குபவை. சாட்சியைத் திருத்தி நோயைக் குணப்படுத்த முடியாது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் ட்ரோபோனின். இதயத் தசை சுருங்குவது ஆக்டின், மயோசின் என்ற இரு புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால். அந்தச் சறுக்கலைக் கால்சியம் வரும்போது திறந்தும் அது விலகும்போது பூட்டியும் வைக்கும் தாழ்ப்பாள், ஆக்டின் இழைமேல் அமர்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற மூன்று புரதங்களின் கூட்டு. அவற்றில் டி, ஐ என்ற இரண்டின் இதய வடிவங்கள் கை கால் தசைகளில் இருப்பவற்றிலிருந்து வேறுபட்டவை. அந்த வேறுபாட்டைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களைக் கொண்டுதான் சோதனை இயங்குகிறது. தசை உயிரணு சிதையும்போது உள்ளிருக்கும் ட்ரோபோனின் இரத்தத்தில் கசிகிறது. ஆனால் கதவு உடைந்த மறுநிமிடமே தெருவில் கூட்டம் சேர்ந்துவிடாது. அடைபட்ட தமனிக்கு அப்பால் உள்ள தசை சாக நேரம் ஆகிறது, கசிந்தது இரத்தத்தில் அளக்கத்தக்க அளவுக்குச் சேர இன்னும் சற்று நேரம் ஆகிறது. உங்கள் தந்தையார் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அது நல்லதுதான், ஆனால் அதனாலேயே முதல் எண்ணுக்குச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

ஆகவே மருத்துவர் பார்ப்பது எண்ணைவிட அதன் நகர்வை. 2018இல் வெளியான மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரையறை, நலமானவர்களில் 99 விழுக்காட்டினர் அடங்கும் எல்லையை ஏதாவதொரு மாதிரியில் தாண்டியிருக்க வேண்டும், அளவு ஏறவோ இறங்கவோ வேண்டும், அதோடு இரத்த ஓட்டக் குறைவுக்கான அறிகுறியோ ஈ.சி.ஜி. அல்லது படச் சான்றோ இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பிய இதயவியல் கழகம் பரிந்துரைக்கும் ஒரு மணி நேர முறையில், உயர் உணர்திறன் ட்ரோபோனின்-டி சோதனைக்கு, முதல் அளவு லிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழும் ஒரு மணி நேர மாற்றம் 3க்குக் கீழும் இருந்தால் மாரடைப்பு அநேகமாக இல்லை. முதல் அளவே 52 அல்லது அதற்கு மேல், அல்லது ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் மாற்றம் என்றால் அநேகமாக உண்டு. இடையில் விழுபவர்களைக் காத்திருக்க வைத்து மறுபடியும் பார்க்கிறார்கள். 5க்குக் கீழான ஒற்றை எண்ணை வைத்தே விடுவிக்கவும் வழி உண்டு, ஆனால் வலி தொடங்கி மூன்று மணி நேரம் கடந்திருந்தால்தான். உங்கள் தந்தையாருக்கு 11இலிருந்து 19, அதாவது மாற்றம் 8. அந்த ஒரு மணி நேரக் காத்திருப்புதான் விடையைத் தந்தது. இதே 11ஐக் கையில் கொடுத்து, 'வாயுப் பிடிப்பு, போய்ப் படுங்கள்' என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்கு மூச்சிரைப்புக்காகச் சோதித்தால் 70 வரும். மூன்று மணி நேரம் கழித்து 71. இயல்பு எல்லையைப் போல ஐந்து மடங்கு, ஆனால் அசையவில்லை. அது நாட்பட்ட சேதத்தின் அடையாளம். இன்றிரவு தமனி அடைபட்டதன் அடையாளம் அல்ல. கடும் தொற்று, நுரையீரல் இரத்த உறைகட்டி, இதயத் தசை அழற்சி, மிக வேகமான இதயத் துடிப்பு, ஏன், மாரத்தான் ஓட்டம்கூட ட்ரோபோனினை உயர்த்தும். தசை சேதமடைந்தது என்று மட்டுமே இது சொல்லும். எதனால் என்று சொல்லாது. அதை நோயாளியின் வாயிலிருந்தும் ஈ.சி.ஜி.யிலிருந்தும்தான் பெற வேண்டும். ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி உயர்ந்து தெளிவான மாரடைப்பு தெரிந்தால் ட்ரோபோனினுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. நேரே அடைப்பைத் திறக்க வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் அலகைப் பற்றி ஒரு வார்த்தை. சில அறிக்கைகளில் லிட்டருக்கு 14 நானோகிராம் என்றும், சிலவற்றில் மில்லிலிட்டருக்கு 0.014 நானோகிராம் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. ஆனால் ட்ரோபோனின்-டி எண்ணையும் ட்ரோபோனின்-ஐ எண்ணையும் ஒப்பிடவே கூடாது. ஐ சோதனையில் நிறுவனத்துக்கு நிறுவனம் எல்லை மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட மாறும். சிறிய ஊர்களில் இன்னும் புழங்கும் அட்டைச் சோதனை, கோடு விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை என்ற வகை, உணர்திறன் குறைவு. வலி தொடங்கிய முதல் சில மணி நேரங்களில் அதில் கோடு விழவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில வகைச் சோதனைகளில் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. அந்த மாத்திரையைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதய சேதத்தை இரத்தத்தில் தேடும் முயற்சி 1954இல், நியூயார்க்கில், இன்று நாம் கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியில் தொடங்கியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது கல்லீரலிலும் தசையிலும் இருந்து வருவதால் குழப்பம் நீடித்தது; பிறகு இதயத் தசையில் அதிகம் உள்ள சி.கே.-எம்.பி. என்ற நொதி வந்தது, 1980களின் இறுதியில் ட்ரோபோனின் சோதனைகள் உருவாகி, 2000இல் மாரடைப்பின் வரையறையே அதன்மேல் கட்டப்பட்டது.

அடுத்து என்.டி.-புரோ பி.என்.பி. இது இறந்த தசையின் சிதறல் அன்று. உயிரோடு இருக்கும் தசை, தாங்க முடியாத இழுவையில் அனுப்பும் முறையீடு. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் முதலில் கண்டெடுத்ததால் மூளையின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, மனிதரில் இது பெரும்பாலும் இதயத்தின் கீழறைகளிலிருந்து வருகிறது. அறைச்சுவர் விரியும்போது 108 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவம் இரண்டாக வெட்டப்படுகிறது: உப்பையும் நீரையும் வெளியேற்றி இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் 32 அமினோ அமிலங்கள் கொண்ட பி.என்.பி., செயலற்ற 76 அமினோ அமிலங்கள் கொண்ட என்.டி.-புரோ பி.என்.பி. செயலற்ற துண்டு இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குவதால் அளக்க வசதியானது.

மூச்சிரைப்போடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு நுரையீரலா இதயமா என்று பிரித்தறிவதில் இதற்கு இணையில்லை. 2002இல் 1586 நோயாளிகளிடம் செய்த ஆய்வு, மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்ற பி.என்.பி. எல்லையே இதயச் செயலிழப்பை (இதயம் போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நிலையை) பெருமளவுக்குச் சரியாகப் பிரிக்கிறது என்று காட்டியது. என்.டி.-புரோ பி.என்.பி. 300க்குக் கீழ் என்றால் திடீர் இதயச் செயலிழப்பு அநேகமாக இல்லை எனலாம். உண்டு என்று சொல்வதற்கு 50 வயதுக்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1800 என்று வயதோடு எல்லை ஏறும். சிறுநீரகக் கோளாறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பும் எண்ணை உயர்த்தும். உடல் பருமன் தாழ்த்தும். பருமனானவருக்கு எண் குறைவாக வந்ததைப் பார்த்து ஏமாறுவது ஆய்வகத்தில் நாங்கள் அடிக்கடி எச்சரிக்கும் தவறு. உங்கள் தந்தையாரின் 640, மாரடைப்பு நடந்த நாட்களில் எடுத்தது. இதயம் இழுபட்டிருந்தது என்பதைச் சொல்கிறதே தவிர, இதயச் செயலிழப்பு என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எக்கோ அறிக்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணைக் குறைப்பதையே இலக்காக்கி மருந்து கொடுத்தால் என்ன? இதைத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2017இல் வெளியான கைட்-ஐ.டி. ஆய்வு கேட்டது. இதயச் செயலிழப்பு உள்ள 894 பேரில் ஒரு பாதிக்கு என்.டி.-புரோ பி.என்.பி.யை 1000க்குக் கீழ் கொண்டுவருவதைக் குறியாக வைத்தார்கள், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. பலன் தெரியாததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். இரு பக்கமும் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் மருத்துவமனைக்குத் திரும்பினர் அல்லது இதய நோயால் இறந்தனர். ஆனால் 2022இல் வெளியான ஸ்ட்ராங்-ஹெச்.எஃப். ஆய்வு அதே எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்தியது. வீடு திரும்பும் நோயாளிகளுக்கு இரண்டு வாரங்களுக்குள் மருந்துகளை முழு அளவுக்கு உயர்த்துவது திட்டம். அந்த வேகத்தில் யாருக்காவது ஆபத்து நேர்கிறதா என்று காவல் பார்க்க மட்டும் இந்த எண். புறப்படும்போது இருந்ததைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் மருந்தை உயர்த்தாமல் நிறுத்தி, நீர் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். 180 நாட்களில் இறப்போ மறுசேர்க்கையோ வழக்கமான சிகிச்சையில் 23.3 விழுக்காடு, இதில் 15.2. இலக்காக வைத்தபோது உதவாத அதே எண், காவலாக வைத்தபோது உதவியது.

ஒரு குறிப்பு. இதயச் செயலிழப்புக்கான சாகுபிட்ரில்–வல்சார்ட்டன் மாத்திரை எடுப்பவர்களுக்கு பி.என்.பி. அளந்து பயனில்லை, அதைச் சிதைக்கும் நொதியையே அந்த மருந்து தடுப்பதால் எண் ஏறித் தெரியலாம். என்.டி.-புரோ பி.என்.பி.தான் அளக்க வேண்டும்.

இப்போது சேதத்தை உண்டாக்குபவை. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். இதில் முதல் குற்றவாளி என்பதற்கு மூன்று பக்கச் சான்று இருக்கிறது: பிறவியிலேயே அது மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் இளவயதில் மாரடைப்பு, 2006இல் டல்லாஸ் ஆய்வாளர்கள் காட்டியபடி, பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பழுதாகி எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்திருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் இதயத் தமனி நோய் 88 விழுக்காடு குறைவு. மூன்றாவதாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைக்கும் ஒவ்வொரு படிக்கும் பெரிய இதய, மூளை இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இங்கே எண்ணைக் குறைப்பதே சிகிச்சை. மாரடைப்பு கண்டவருக்கு ஐரோப்பிய வழிகாட்டுதலின் இலக்கு 55க்குக் கீழ், அதோடு தொடக்க அளவில் பாதியாவது குறைய வேண்டும். உங்கள் தந்தையாரின் 118ஐப் பார்த்து ஆய்வக அறிக்கை 'ஏறத்தாழ இயல்பு' என்ற பொருளில் அச்சிட்டிருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த அச்சு பொருந்தாது. ஸ்டேட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 விழுக்காடு அளவுக்குத்தான் என்பதால், முதல் மருந்தில் இலக்கு எட்டாவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தைச் சேர்ப்பது வழக்கம். நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். 'மாத்திரை சாப்பிடுகிறோமே' என்று அளக்காமல் விடுவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது.

ட்ரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்திருக்கும் அமைப்பு தெற்காசியரிடம் அதிகம். அப்போது எல்.டி.எல். எண் நல்லதாகவே தோன்றும், ஆனால் சின்னஞ்சிறு துகள்களின் எண்ணிக்கை அதிகமாக இருக்கும். ஒவ்வொரு துகளுக்கும் அப்போபுரோட்டீன்-பி என்ற புரதம் ஒன்று என்பதால் அதை அளப்பது துகள்களை எண்ணுவதற்குச் சமம். செலவு வேண்டாமென்றால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.ஐக் கழியுங்கள், அந்த எண்ணே நல்ல வழிகாட்டி.

எச்.டி.எல். 'நல்ல கொழுப்பு' என்று பெயர் வாங்கியது. அது அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது உண்மை. அதை மருந்தால் உயர்த்தினால் மாரடைப்பு குறையும் என்று எண்ணி டார்செட்ராபிப் என்ற மருந்தைப் பதினைந்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 விழுக்காடு ஏறியது, இறப்பும் ஏறியது, 2006 டிசம்பரில் ஆய்வை நிறுத்தினார்கள். இரத்தத்திலுள்ள ஓர் அமினோ அமிலமான ஹோமோசிஸ்டீனின் கதையும் இதன் தங்கைதான்: ஃபோலிக் அமிலமும் பி-வைட்டமின்களும் கொடுத்து அதைக் குறைத்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. உங்கள் தந்தையாரின் 22ஐப் பார்த்து பி12 அளவைச் சோதிக்கச் சொல்வேன். குறைவாக இருந்தால் இரத்தத்துக்காகவும் நரம்புகளுக்காகவும் கொடுக்க வேண்டும். இதயத்துக்காக அல்ல.

சி.ஆர்.பி.யின் நிலை சாட்சிக்கும் குற்றவாளிக்கும் இடையில். 1930இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட அழற்சிக் குறிகாட்டி இது. இதை மிகையாகச் சுரக்கவைக்கும் மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுவதில்லை. ஆகவே இது குற்றவாளி அன்று. ஆனால் அது சுட்டிக்காட்டும் அழற்சி குற்றவாளிதான் என்று 2017இல் கான்டோஸ் ஆய்வு காட்டியது: அழற்சியை அடக்கும் கனகினுமாப் ஊசி கொழுப்பைத் தொடாமலே நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது, கூடவே உயிர்கொல்லும் தொற்றுகளைச் சற்றே கூட்டியது. பிறகு வந்தது கோல்கிசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படும் அதே பொருள். திண்டுக்கல், கரூர் பக்கம் அதற்காகவே பயிரிடுகிறார்கள். (கிழங்கோ விதையோ நேரடியாக உடலுக்குள் போனால் கொடிய நஞ்சு; இதைப் படித்துவிட்டு யாரும் கைவைத்தியத்தில் இறங்கிவிடக் கூடாது.) 2019இலும் 2020இலும் வந்த ஆய்வுகளில் நாளுக்கு 0.5 மில்லிகிராம் பலன் தந்தது, 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் 2024இல் மாரடைப்பு முடிந்த கையோடு ஏழாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சி.ஆர்.பி. குறைந்தும் நிகழ்வுகள் குறையவில்லை. உங்கள் தந்தையாரின் 14ஐப் பொறுத்தவரை விடை எளிது: மாரடைப்பே சி.ஆர்.பி.யை ஏற்றும், அந்த வாரத்தில் எடுத்த அளவு நெடுங்கால ஆபத்தை மதிப்பிட ஏற்றதல்ல. உடல்நிலை அமைதியான பிறகு, சளி காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்தால்தான் பொருள் உண்டு.

இரத்த உறைகட்டி கரையும்போது வெளிவரும் புரதத் துண்டான டி-டைமரைச் சிலர் இதயப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். நுரையீரல் உறைகட்டி இல்லை என்று சொல்லத்தான் அது உதவும்; நலமாக இருப்பவருக்கு வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. ட்ரோபோனினும் என்.டி.-புரோ பி.என்.பி.யும் அறிகுறி எதுவும் இல்லாத 34 வயதில் உங்களுக்குத் தேவையில்லை; ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் தொகுப்புகளில் அவை இருப்பது உங்கள் நலனுக்காக என்று நான் நம்பவில்லை. இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்புப் பட்டியல் போதும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்: லிப்போபுரோட்டீன்-ஏ. 1963இல் நார்வேயில் கண்டறியப்பட்ட இது எல்.டி.எல். துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிய வடிவம். அளவைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது, உணவும் நடைப்பயிற்சியும் அசைப்பதில்லை, ஸ்டேட்டினும் குறைப்பதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த எல்லைக்கு மேல் இருக்கிறார். உங்கள் தந்தையாருக்கு மில்லிகிராம் கணக்கில் 92 என்பதால் உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் அது வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பொதுவாகப் போதும். அதிகமாக இருந்தால், அதைக் குறைக்கும் மாத்திரையைத் தேடாமல், மாற்றக்கூடிய மற்ற எல்லாவற்றையும், முதலில் எல்.டி.எல்.ஐ, இளவயதிலேயே இறுக்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அறிக்கை வாங்கும்போது அலகைப் பாருங்கள்: மில்லிகிராமில் 50 என்பது நானோமோலில் ஏறத்தாழ 125. உங்கள் அறிக்கையில் நானோமோலில் 92 என்று வந்து, தந்தையாரின் 92ஐப் போலவே இருக்கிறதே என்று பயந்துவிட வேண்டாம். அது எல்லைக்குக் கீழ்தான்.